மீதியை என்ன செய்தீர்கள்?

ஒரு பேருந்தில் 36 ராணுவ வீரர்கள் உட்காரலாம். 1,128 வீரர்களைப் பயிற்சி முகாமுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பேருந்துகள் வேண்டும்?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடு முழுவதும் நடந்த ஒரு மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது. கணிதக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றுவரை இதை எடுத்துக்காட்டுகிறார்கள். காரணம், வந்த விடைகள். பத்தில் ஏழு பேர் வகுத்தலைப் பிழையில்லாமல் போட்டுவிட்டார்கள்: ஈவு 31, மீதி 12. ஆனால் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர் "31, மீதி 12" என்பதையே விடையாக எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் பேர் 31 என்று நிறுத்திக்கொண்டார்கள். 32 பேருந்துகள் என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வகுத்தல் அவர்களுக்கு நன்றாகவே வந்திருக்கிறது. பேருந்தை வேனாக மாற்றி, வீரர்களைச் சுற்றுலா போகும் பிள்ளைகளாக மாற்றி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு. வகுத்தல் கடகடவென்று வரும். கடைசியில் "மீதி 12" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு, நிமிர்ந்து பார்ப்பார்கள். "சரி, அந்த 12 பேர் இப்ப எங்க நிக்கிறாங்க?" என்று கேட்ட பிறகுதான் கேள்வியில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதே நினைவுக்கு வரும். "அய்யோ, ரோட்டுலயே நிக்கிறாங்க அக்கா!"

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வகுத்தலில் மீதி வந்தால் கணக்கு முடிந்தது என்றுதான் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மீதியை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தசமம் வருகிறது. புள்ளி வைத்து, பூஜ்ஜியம் சேர்த்து, மேலே வகுத்துக்கொண்டே போகலாம் என்றதும் மீதி கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது. அதற்கும் பிறகு, புள்ளியியல் என்ற தனிப் பாடத்தில், சராசரி. ஒரே வகுத்தலின் இரண்டு முகங்களான மீதியும் சராசரியும் ஒன்றையொன்று சந்திக்காமலே பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் புரியும் என்பது என் அனுபவம்.

ஒரு சாயங்காலம் புளியங்கொட்டையை வைத்து இதைச் செய்து பார்த்தோம். மூன்று பிள்ளைகள். ஒருத்தியிடம் 7 கொட்டை, ஒருவனிடம் 4, இன்னொருத்தியிடம் 10. "மூணு பேருக்கும் சமமா வர்ற மாதிரி மாத்திக்கோங்க" என்றேன். பேனா, பேப்பர் கிடையாது. 10 வைத்திருந்தவள் தன்னிடமிருந்து மூன்றை எண்ணி எடுத்து, 4 வைத்திருந்தவன் பக்கம் தள்ளினாள். முடிந்தது. ஆளுக்கு 7. யாரும் கூட்டவும் இல்லை, வகுக்கவும் இல்லை. சராசரி என்பது இந்தச் சமப்படுத்தல்தான். எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது அதே வேலைக்கான குறுக்குவழி.

அப்புறம் அவளிடம் கூடுதலாக ஒரு கொட்டை கொடுத்து, பழையபடி 7, 4, 11 என்று வைத்து மறுபடி சமப்படுத்தச் சொன்னேன். இப்போது மொத்தம் 22. எப்படித் தள்ளிப் பார்த்தாலும் ஆளுக்கு 7 வந்து, ஒரு கொட்டை நடுவில் தனியாகக் கிடந்தது. நோட்டில் போட்டால் விடை 7.33. தரையில் 7.33 என்று ஒன்று இல்லை. அங்கே ஏழு, ஏழு, ஏழு, அப்புறம் ஒன்று. "இதை மூணா வெட்டிரலாம் அக்கா" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவள் உடனே, "வெட்டுனா முளைக்காதே" என்றாள்.

அவள் சொன்னதை அன்று பாடமாகவே வைத்துக்கொண்டோம். 22-ஐ 3-ஆல் வகுக்கும்போது கணக்கு நமக்கு இரண்டு வழி தருகிறது. ஒன்று, ஏழும் மீதி ஒன்றும். இன்னொன்று, ஏழும் மூன்றில் ஒரு பங்கும். முதல் வழியில் மீதி முழுசாக இருக்கிறது. இரண்டாவது வழியில் அதே மீதியை வெட்டி எல்லார் பங்கிலும் கரைத்துவிடுகிறோம். சராசரி எப்போதும் இரண்டாவது வழியில் போகும். எந்த வழி சரி என்பதைக் கணக்கு சொல்லாது. பங்கு போடும் பொருள்தான் சொல்லும். பால் என்றால் கரைக்கலாம். மனிதர்கள் என்றால் முடியாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. 1.8 குழந்தை உள்ள வீடு எந்தத் தெருவிலும் இல்லை. ஆனாலும் அந்த எண் பொய்யில்லை. பத்துப் பெண்களுக்குச் சுமார் பதினெட்டுக் குழந்தைகள் என்று படித்தால் அது சரியாகப் புரிந்துவிடும். தசமத்தில் இருக்கும் சராசரியை இப்படி முழு எண்களுக்குத் திருப்பிப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

திருப்பிப் படிப்பது சுலபம். கால்குலேட்டரில் 1128-ஐ 36-ஆல் வகுத்தால் 31.333 என்று காட்டும். மீதி எங்கே போனது? புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த 0.333-ஐ வகுத்த எண்ணான 36-ஆல் பெருக்குங்கள். 12 கிடைக்கும். ரோட்டில் நிற்கும் அதே 12 பேர். கடைசி இலக்கத்தில் சிறு பிசகு வந்தால் பக்கத்து முழு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். சராசரியின் தசமப் பகுதி என்பது மீதியை வகுத்தியால் வகுத்த எண். வேறெதுவும் இல்லை.

இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரிந்தவரை ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேனை விட நல்ல உதாரணம் கிடையாது. 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6,996 ரன், சராசரி 99.94. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி எண் மனப்பாடம். "80 இன்னிங்ஸ்தானே, வகுத்துப் பாருங்க" என்றால் 87.45 வரும். முகத்தில் குழப்பம். புத்தகத்தில் தப்பா? இல்லை. பேட்டிங் சராசரியில் வகுப்பது இன்னிங்ஸ் எண்ணிக்கையால் அல்ல, எத்தனை முறை அவுட் ஆனார் என்ற எண்ணிக்கையால். பத்து முறை அவர் நாட் அவுட். ஆக, வகுத்தி 70. ஒரு சராசரியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, எதை எதனால் வகுத்தார்கள் என்பதுதான். அதே மனிதர், அதே ரன். வகுத்தி மாறினால் 87, இல்லாவிட்டால் கிட்டத்தட்ட நூறு.

இப்போது 6,996-ஐ 70-ஆல் பழைய முறையில், புள்ளி வைக்காமல் வகுப்போம். 70 முறை 99 என்றால் 6,930. மீதி 66. ஈவு 99, மீதி 66. இன்னும் 4 இருந்தால் மீதி 70 ஆகியிருக்கும், ஈவு நூறுக்கு ஏறியிருக்கும். உலகமே பேசும் அந்த நான்கு ரன் இதுதான். 99.94 என்ற எண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதில் நான்கு ரன் தெரியாது. 0.06 குறைகிறது என்றுதான் தெரியும். மீதியில் பார்த்தால் அது பளிச்சென்று நிற்கிறது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுவேன். 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானம், அவருடைய கடைசி டெஸ்ட். உள்ளே வரும்போது 6,996 ரன், 69 முறை அவுட். அந்த நிமிடத்தில் சராசரி 101.39. எரிக் ஹோலீஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே போல்டு, பூஜ்ஜியம். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் மறுபடி ஆட வாய்ப்பு வரவில்லை. ரன் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் வகுத்தி 69-லிருந்து 70 ஆனது. கூட்டலில் பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு, சராசரியில் பூஜ்ஜியம் என்ன செய்யும் என்று இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. தேர்வுக்கு வராதவனின் பூஜ்ஜியத்தைச் சேர்த்து வகுப்பதா, சேர்க்காமல் வகுப்பதா என்று வகுப்பறையில் வரும் சண்டையும் இதே விஷயம்தான்.

சராசரி கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கூட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 68, 72, 75, 61, 79 என்று ஐந்து மதிப்பெண்கள். 70 இருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தை மட்டும் எண்ணுங்கள்: 2 குறைவு, 2 கூட, 5 கூட, 9 குறைவு, 9 கூட. இரண்டும் இரண்டும் போயிற்று, ஒன்பதும் ஒன்பதும் போயிற்று, நிற்பது 5. ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று. சராசரி 71. மேல் வகுப்பில் ஊகச் சராசரி முறை என்று பெரிய அட்டவணை போட்டுக் கற்றுத் தருவது இதைத்தான். கொட்டை தள்ளிய பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும்.

சராசரிகளை மறுபடி சராசரி போடுவதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 40 பேர் உள்ள பிரிவின் சராசரி 60, 20 பேர் உள்ள பிரிவின் சராசரி 75. இரண்டையும் சேர்த்து இரண்டால் வகுத்தால் 67.5. அது தவறு. மொத்த மதிப்பெண் 2,400-உம் 1,500-உம் சேர்ந்து 3,900, அதை 60 பேருக்கு வகுத்தால் 65. மொத்தத்துக்குத் திரும்பிப் போய்த்தான் மறுபடி வகுக்க வேண்டும்.

பணத்தில் மீதியின் மதிப்பு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு மகளிர் குழு இருக்கிறது, 14 பேர். வட்டியில் சேர்ந்த 5,000 ரூபாயைப் பங்கு பிரிக்கும் நாளில் கணக்கு எழுதும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் கால்குலேட்டரில் ஒருவர் வகுத்து "357.14" என்றார். கணக்கு எழுதும் அக்கா தலையாட்டிவிட்டு நோட்டில் இப்படி எழுதினார்: "ஆளுக்கு 357. மீதி 2. பெட்டியில்."

"பதினாலு காசு விட்டுட்டீங்களேக்கா?"

"அந்தக் காசைக் கையில எப்படிக் குடுப்பே? ரெண்டு ரூவா பெட்டில இருக்குன்னு எழுதுனா கணக்கு நேராகும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. 357.14-ஐ 14-ஆல் பெருக்கினால் 4,999.96 வருகிறது. நான்கு காசு எங்கேயோ போய்விட்டது. 357-ஐ 14-ஆல் பெருக்கி 2-ஐச் சேர்த்தால் 5,000 அப்படியே வருகிறது. ஈவு பெருக்கல் வகுத்தி, கூட்டல் மீதி, சமம் வகுபடும் எண் என்று பள்ளியில் சரிபார்க்கச் சொல்வார்களே, அந்தச் சூத்திரம் உயிரோடு இருப்பது இந்த மாதிரி நோட்டுகளில்தான். தசமத்தை இரண்டு இடத்தோடு வெட்டியதும் அந்தச் சரிபார்ப்பு கைவிட்டுப் போகிறது. தவிர, 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாது. 14 காசைக் கொடுக்க நாட்டில் நாணயமே இல்லை. வெட்ட முடியாத பொருளின் பட்டியலில் ரூபாயும் ஓரளவு சேர்ந்துவிட்டது.

சட்டம் எழுதுகிறவர்களுக்கும் மீதி ஒரு பிரச்சினைதான். மாநிலங்களவைத் தேர்தல் நேரத்தில் "ஒரு உறுப்பினர் வெல்ல 34 எம்எல்ஏக்கள் வேண்டும்" என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த 34 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளோடு போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 234 எம்எல்ஏக்கள், ஒரு தடவைக்கு 6 இடங்கள். ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் மதிப்பு 100. எல்லாரும் செல்லுபடியாகும் வாக்கு போட்டால் மொத்தம் 23,400. இதை 6-ஆல் வகுக்கச் சொல்லவில்லை விதி. இடங்களை விட ஒன்று கூடுதலாக, அதாவது 7-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 3,342, மீதி 6. மீதியை விட்டுவிட்டு ஈவோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று தேர்தலை நடத்தும் முறைக்கான விதிகள் சொல்கின்றன. ஆக 3,343. முப்பத்து மூன்று பேரின் மதிப்பு 3,300, போதாது. முப்பத்து நான்கு வேண்டும்.

ஏன் 7, ஏன் அந்தக் கூடுதல் ஒன்று? ஏழு வேட்பாளர்கள் ஆளுக்கு 3,343 வாங்க முடியுமா என்று பாருங்கள். ஏழு முறை 3,343 என்றால் 23,401. இருப்பதோ 23,400. ஒரே ஒரு புள்ளி இடிக்கிறது! ஆறு பேர் அந்த அளவைத் தொடலாம், ஏழாவது ஆள் தொடவே முடியாது. அதைச் செய்யும் மிகச் சிறிய எண் இதுதான். மீதியை விட்டாலும் யாருடைய உரிமையும் போகாதபடி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதை முதல்முறை சரிபார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எட்டாம் வகுப்புக் குடிமையியலையும் கணக்கையும் ஒரே நாளில் நடத்தலாமே என்று தோன்றியது.

இதுவரை ஈவு முக்கியம், மீதி அதன் வால் என்ற மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். ஈவைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்குகளும் உண்டு. கிழமை அப்படித்தான். 365-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 52, மீதி 1. எத்தனை வாரம் போனது என்பது கிழமைக்குத் தேவையே இல்லை. மீதி ஒன்று என்பதால் உங்கள் பிறந்தநாள் வருடத்துக்கு ஒரு கிழமை தள்ளிப்போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 2025 ஆகஸ்ட் 15? இடையில் 78 ஆண்டுகள், அதற்கு 78 தள்ளல். 1948 முதல் 2024 வரை லீப் ஆண்டுகள் 20, அதற்கு 20. மொத்தம் 98. ஏழால் வகுத்தால் மீதி பூஜ்ஜியம். அதனால் 2025 சுதந்திர தினமும் வெள்ளிக்கிழமைதான். காலண்டரைப் புரட்டிப் பார்க்கலாம்.

தமிழ் வருடப் பெயரும் மீதிதான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழன்று வருகின்றன. சித்திரை பிறக்கும்போது நடக்கும் ஆங்கில ஆண்டை எடுத்துக்கொண்டு, 6-ஐக் கழித்து, 60-ஆல் வகுங்கள். மீதிதான் வரிசை எண். 2025-ல் 6 போனால் 2019, அறுபதால் வகுத்தால் மீதி 39, முப்பத்தொன்பதாவது பெயர் விசுவாவசு. சுதந்திரம் வந்த ஆண்டுக்கு 1,941, மீதி 21, சர்வசித்து. மீதி பூஜ்ஜியம் வந்தால் அறுபதாவது பெயரான அட்சய. பாட்டி வீட்டில் கைவிரலில் எண்ணிச் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் போட்டுச் சொல்லும்போது பெரியவர்கள் பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்ப்பார்கள். அந்தக் காட்சிக்காகவே இதை விடுமுறைக்கு முன்னால் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

இப்படி மீதிகளை மட்டும் கொடுத்து எண்ணைக் கேட்பது நம் நாட்டில் மிகப் பழைய கலை. 499-ல் ஆரியபடர் இதற்குக் குட்டகம் என்ற முறையை எழுதினார். கோள்களின் சுற்றுகளைக் கணக்கிட அது தேவைப்பட்டது. 629-ல் அவருடைய நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் கணக்கு ஒன்று: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1. எண் எது? ஆறாம் வகுப்புப் பிள்ளை தட்டுத் தடுமாறிப் போட்டுவிடும். ஒன்பதுக்கு 4 மீதி வருபவை 4, 13, 22 என்று போகும். அதில் 22-ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. ஒன்பதுக்கும் ஏழுக்கும் கெடாமல் அடுத்த எண்ணுக்குப் போக 63-ஐக் கூட்ட வேண்டும். 22-க்கு எட்டால் வகுத்து மீதி 6, சரிப்படாது. 22-உம் 63-உம் 85. எட்டால் வகுத்தால் மீதி 5. வந்துவிட்டது.

சராசரிக்கு வருவோம். அது மறைக்கும் விஷயங்களில் சில உயிர் சம்பந்தப்பட்டவை. 2023 டிசம்பர் 17-18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழையே 90 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதை 365-ஆல் வகுத்து, நாளுக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்று யாராவது கால்வாய் வெட்டினால் என்ன ஆகும்? மழை மீதியாக, ஒரே நாளில், ஒரே ஊரில் வந்து இறங்கும்.

எனக்கு இன்னும் நெருக்கமான விஷயம் பள்ளிக்கூடம். கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கப் பள்ளியில் முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கை வைத்திருக்கிறது. இதை ஒரு சராசரியாகப் படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பள்ளியில் 10 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். பக்கத்துப் பள்ளியில் 110 குழந்தைகள், அங்கேயும் 2 ஆசிரியர்கள். இரண்டையும் சேர்த்தால் 120 குழந்தைகளுக்கு 4 பேர். சராசரி 30, காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. 110 பேர் இருக்கும் பள்ளியில் ஒரு டீச்சர் 55 பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்.

சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். இந்த விகிதம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் அட்டவணையில் சராசரி என்ற பேச்சே இல்லை, படிப்படியாகத்தான் போட்டிருக்கிறார்கள்: 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. அந்த 61-ஐக் கவனியுங்கள். 61-ஐ முப்பதால் வகுத்தால் ஈவு 2, மீதி 1. அந்த மீதி ஒன்றுக்காக முழுதாக ஓர் ஆசிரியர் வர வேண்டும். ராணுவ வீரர்களின் 32-ஆவது பேருந்து மாதிரியேதான், ஆனால் இது சட்டம். 61-ஆவதாகச் சேரும் குழந்தையை வெட்டி மற்ற அறுபது பேரின் பங்கில் கரைக்க முடியாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் பகுதியில் அந்தக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் சிலர் என்னிடம் வந்து, கூட்டத்தில் என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறார்கள். மாவட்டச் சராசரி எவ்வளவு என்று யாராவது சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் நம் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை பேர் என்று எண்ணி எடுங்கள், முப்பதால் வகுங்கள் என்பேன். கால்குலேட்டர் வேண்டாம், பேப்பரில் போடுங்கள், மீதி தெரிய வேண்டும். போன முறை ஓர் அம்மா 94 என்று கொண்டு வந்தார். ஈவு 3, மீதி 4. பள்ளியில் இருப்பது மூன்று டீச்சர்கள். அந்த நான்கு பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் எழுதி, நாலாவது ஆசிரியர் கேட்டு மனு எழுதினோம். "94-ன்னு மட்டும் எழுதுனா போதாதா?" என்று கேட்டார். அட்டவணையில் 91 முதல் 120 வரை நான்கு என்று இருக்கும் வரியையும் கீழே எழுதச் சொன்னேன். கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை.